டெய்லருக்கு அறிவுரை வழங்கப்பட்டது

திருப்பூரில் எந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போனாலும் குவாலிட்டி ரூமில் தடியாக ஒரு ஃபைல் இருக்கும். சரக்கு வாங்கும் பையரிடமிருந்து கம்ப்ளெய்ண்ட் வந்தாலோ ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ஃபெயில் ஆனாலோ நிரப்பவேண்டிய படிவங்களை அதில் கோத்து வைத்திருப்பார்கள். என்ன குறை, என்ன காரணம், என்ன நடவடிக்கை, திரும்ப வராமலிருக்க என்ன ஏற்பாடு என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருக்கும். நான் பார்த்தவரை பெரும்பாலான படிவங்களில் காரணம் என்ற கட்டத்தில் "டெய்லரின் கவனக்குறைவு" என்றும், நடவடிக்கை என்ற கட்டத்தில் "டெய்லருக்கு அறிவுரை வழங்கப்பட்டது" என்றும்தான் எழுதியிருக்கும். தையலில் ஓட்டை விழுந்தாலும் அதே பதில், அளவு மாறினாலும் அதே பதில், எண்ணெய்க் கறைக்கும் அதே பதில். மெஷினில் எண்ணெய் ஒழுகினால் டெய்லருக்கு அறிவுரை சொல்லி என்ன ஆகப்போகிறது என்று, கம்பெனியைச் சோதிக்க வரும் ஒரு ஆடிட்டர்கூடக் கேட்டதில்லை. அந்த ஃபைல் இருக்கும் பீரோவுக்கு மேலேயே சுவரில் வட்டமாக நாலு அம்புக்குறி போட்ட சார்ட் ஒன்று லேமினேஷன் செய்து தொங்கும். பிளான், டூ, செக், ஆக்ட். அதாவது திட்டமிடு, செய், சோதித்துப் பார், பார்த்ததை வைத்துத் திருத்து. சுருக்கமாக பிடிசிஏ.

அந்த வட்டத்தை நான் நம்புகிறேன். சுவரில் தொங்கவிட்டால் வேலை நடந்துவிடும் என்பதைத்தான் நம்பவில்லை.

அந்த வட்டத்தின் கதை அமெரிக்காவில் தொலைபேசிச் சாமான் செய்த காலத்தில் தொடங்குகிறது. பெல் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷூஹார்ட் 1924இல் தன் மேலதிகாரிக்கு ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். உற்பத்தியில் வரும் ஏற்ற இறக்கத்தில் எது இயல்பானது, எதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க ஒரு வரைபடம் அதில் இருந்தது. கன்ட்ரோல் சார்ட் என்று இன்றைக்கு எல்லோரும் போடுவது அதைத்தான். 1939இல் வந்த புத்தகத்தில் அவர், எப்படி இருக்கவேண்டும் என்று வரையறுப்பது, அதன்படி செய்வது, செய்ததைச் சோதிப்பது என்ற மூன்றையும் நேர்கோட்டில் வைக்காமல் வட்டத்தில் வைத்தார். சோதித்தபோது கற்றது மறுபடி வரையறைக்குள் போகவேண்டும் என்பது அவர் கணக்கு. அவரிடம் கற்ற எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கத்தின் அழைப்பில் டோக்கியோ போய் வகுப்பெடுத்தார். அவர் சொன்னதை ஜப்பான்காரர்கள் தங்கள் வசதிக்கு நாலு படியாக மாற்றிக்கொண்டார்கள். அந்த வகுப்புக் குறிப்புகளுக்கு வரவேண்டிய பணத்தை டெமிங் வாங்கிக்கொள்ளவில்லை, அதை வைத்துத்தான் 1951இல் தரத்துக்கான டெமிங் பரிசு தொடங்கியது. சரி, வரலாறு இதோடு போதும், தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் லைனுக்கு வருவோம்.

நாலு படிகளில் முதல் இரண்டுக்கு எங்கேயும் பஞ்சமில்லை. மீட்டிங் போடுவோம், டீ வரும், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், திங்கட்கிழமை முதல் இப்படிச் செய்வோம் என்று முடிவாகும், செய்யவும் செய்வோம். மூன்றாவது படியில்தான் எல்லாம் நின்றுவிடும். "எப்படிப் போகுது?" என்று கேட்டால் "பரவாயில்லைங்க, முன்னைக்கு இப்ப தேவலை" என்று பதில் வரும். முன்னை என்றால் எப்போது, தேவலை என்றால் எவ்வளவு என்று கேட்டால் ஆள் முறைப்பார். சோம்பலால் இப்படி ஆவதில்லை. இதைச் செய்தால் இன்னது ஆகும் என்று முதல் நாளே எழுதி வைக்காவிட்டால் பிறகு எதோடு ஒப்பிடுவது? எழுதி வைக்காத எதிர்பார்ப்பு, வந்த முடிவுக்கு ஏற்ப அதுவாகவே வளைந்துகொடுக்கும். குறை பாதியாகும் என்று மனதில் நினைத்திருந்தவர், கொஞ்சமாகக் குறைந்ததும் "நான் சொன்னேன்ல" என்பார், உண்மையாகவே அப்படித்தான் நினைத்ததாக நம்புவார்.

எங்கள் லைனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தொல்லை கொடுத்தது ஊசி ஓட்டை. பனியன் துணி பின்னல் துணி, நெய்த துணி இல்லை. ஊசி நூல்களுக்கு நடுவில் வழி பண்ணிக்கொண்டு இறங்கினால் பிரச்சினை இல்லை, நூலையே குத்தி அறுத்துக்கொண்டு இறங்கினால் அந்தக் கண்ணி விட்டுப்போகும். துணியின் ஓரத்தைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷின் நிமிடத்துக்கு 5,000 தையலைத் தாண்டி ஓடக்கூடியது, அந்த வேகத்தில் எந்தக் கண்ணி அறுந்தது என்று தைக்கிறவர் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. செக்கிங் டேபிளில் துணியைத் தட்டையாக விரித்துப் பார்த்தாலும் தெரியாது. பக்கவாட்டுத் தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் அதை ஒட்டிப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும். அப்போதும் கண்ணில் படாமல் போனால், யாரோ ஒருவர் வீட்டில் ஒரு தடவை துவைத்ததும் ஓட்டை பெரிதாகி நமக்கு மெயில் வரும்.

வழக்கம்போல முதலில் பழி டெய்லர்கள் மேல் விழுந்தது. அப்புறம் மெக்கானிக், மழுங்கின ஊசியை மாற்றாமல் ஓட்டுகிறார்கள் என்றார். அதில் உண்மை இருந்தது. உடைந்த ஊசிக்கு எங்களிடம் கெடுபிடி அதிகம். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி கிடைக்கும், ஒரு துண்டு குறைந்தாலும் அந்த பண்டில் முழுவதையும் மெட்டல் டிடெக்டரில் விடவேண்டும். குழந்தைகள் உடையில் ஊசித் துண்டு போய்விட்டால் கம்பெனியே காலி என்பதால் அந்தக் கெடுபிடி நியாயம்தான். ஆனால் மழுங்கின ஊசிக்கு அப்படி ஒரு விதியும் கிடையாது, உடையும்வரை அதே ஊசிதான் ஓடும். எனவே முதல் சுற்றுக்கான திட்டம் எளிது. காலையில் ஷிப்ட் தொடங்கும்போது ஒரு லைனில் மட்டும் எல்லா ஓவர்லாக்கிலும் புது ஊசி போடுவது, மற்ற லைன்களை அப்படியே விடுவது, ஒரு வாரம் பார்ப்பது. அந்த லைனில் ஓட்டை பாதியாகக் குறையவேண்டும் என்று நோட்டில் எழுதினோம்.

ஒரு லைன் மட்டும் ஏன் என்று ஃபேக்டரி மேனேஜர் சண்டைக்கே வந்துவிட்டார். நல்ல காரியத்தை எல்லா லைனிலும் செய்யவேண்டியதுதானே என்றார். எல்லா லைனிலும் செய்திருந்தால் அந்த வாரம் துணி நல்லதாக வந்து ஓட்டை குறைந்ததா, ஊசியால் குறைந்ததா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. பழையபடியே ஒரு லைன் பக்கத்தில் ஓடினால்தான் வித்தியாசம் தெரியும்.

குறைந்தது, ஆனால் எழுதி வைத்த அளவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இந்த இடத்தில்தான் நோட்டின் அருமை தெரிந்தது. நோட்டு இல்லையென்றால் "ஊசி மாற்றினோம், குறைந்தது, முடிந்தது கதை" என்று படிவத்தை நிரப்பிவிட்டுப் போயிருப்போம். பாதியாகும் என்று எழுதியிருந்ததால் மீதி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. ஓட்டை விழுந்த பீஸ்களை எல்லாம் ஒரு டேபிளில் கொட்டிப் பிரித்தோம். ஆபரேஷன் வாரியாகப் பிரித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. டெய்லர் வாரியாகப் பார்த்தால் எல்லோரிடமும் கலந்து இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செக்கிங் அக்கா ஒருவர் பொறுமையிழந்து, "ஏனுங்க சார், கருப்பும் நேவியும் ஓடுற அன்னிக்குத்தானுங்க இந்த ஓட்டை, வெள்ளை ஓடுனா ஒண்ணுமே வராதுங்க" என்றார். கலர் வாரியாகப் பிரித்தோம், அவர் சொன்னது அப்படியே இருந்தது. அவருக்கு இது ரொம்ப நாளாகத் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அடர்ந்த நிறத்துக்குச் சாயம் அதிகம் ஏறவேண்டும், சாயப்பட்டறையில் துணி அதிக நேரம் அடிபடும், கடைசியில் துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னர் சரியாகப் போடாவிட்டால் நூல் வறண்டு விறைப்பாகிவிடும். விறைத்த நூல் ஊசிக்கு விலகி வழி விடாது, அறுந்துபோகும்.

இரண்டாவது சுற்றில் அடர்நிறத்துக்கு மட்டும் ஊசியை மெலிதாக்கிப் பார்த்தோம். 75ஆம் நம்பர் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் 65, நுனி உருண்டையாக இருக்கும் பால் பாயிண்ட். ஓட்டை நன்றாகவே குறைந்தது, நினைத்ததைவிட அதிகமாக. ஆனால் தையல் விட்டுப்போவதும் நூல் அறுவதும் ஏறிவிட்டன, ஏனென்றால் அந்த நூலுக்கு அந்த ஊசியின் கண் சின்னது. டெய்லர்கள் நூல் கோத்தே சலித்துவிட்டார்கள், புரொடக்‌ஷன் இறங்கியது, சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு குறையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இதை வெற்றி என்று அறிவித்திருக்கலாம். அதனால்தான் எந்தச் சோதனை செய்தாலும் குறையவேண்டியது எது என்று எழுதுகிற அதே பக்கத்தில் ஏறக்கூடாதது எது என்றும் ஒரு வரி எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

மூன்றாவது சுற்று லைனை விட்டே வெளியே போனது. 70ஆம் நம்பர் ஊசியில் நிறுத்திக்கொண்டோம். அடர்நிறத் துணி வந்ததும் கட்டிங்குக்குப் போகும் முன் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் இரண்டு துண்டு வெட்டி, ஓவர்லாக் போட்டு, இழுத்துப் பார்ப்பது என்று வைத்தோம். கண்ணி விட்டால் அந்த லாட் மறுபடி சாஃப்ட்னர் ஓட்ட சாயப்பட்டறைக்கே திரும்பிப் போகும். சாயப்பட்டறைக்காரர் முதல் தடவை வாய்க்கு வந்தபடி பேசினார். இழுத்துப் பார்த்த துண்டையே அவர் கையில் கொடுத்த பிறகு பேச்சு மாறியது. இப்போது அவரே அனுப்புவதற்கு முன் தைத்து இழுத்துப் பார்க்கிறார் என்று கேள்வி. இத்தனையிலும் எந்த டெய்லருக்கும் எந்த அறிவுரையும் வழங்கப்படவில்லை.

இனி நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்த ஒரு விஷயம், தினசரிக் கணக்கு. பெரும்பாலான கம்பெனிகளில் லைன் முடிவில் ஒரு போர்டு வைத்து நேற்றைய குறை எண்ணிக்கையை எழுதுவார்கள். நேற்று 3 இருந்து இன்று 9 ஆனால் சாயங்காலம் மீட்டிங், சத்தம், யாருக்காவது ஒரு மெமோ. அடுத்த நாள் 4 ஆனால் சத்தம் போட்டதால்தான் இறங்கியது என்று மேனேஜர் நம்புவார். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லைனில் உண்மையான குறை விகிதம் நூற்றுக்கு 5 என்று வையுங்கள், எதுவுமே மாறவில்லை, தினமும் 100 பீஸ் எடுத்துப் பார்க்கிறீர்கள். ஷூஹார்ட் சொன்ன கணக்குப்படி 0 முதல் 11 வரை எந்த எண் வந்தாலும் அது அந்த லைனின் சாதாரண ஆட்டம்தான். 3க்கும் 9க்கும் நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை. 9க்குத் திட்டு வாங்கியவர் எதுவும் கெடுக்கவில்லை, 4க்குப் பாராட்டு வாங்கியவரும் எதுவும் சரிசெய்யவில்லை. 12 வந்தால் மட்டும் எழுந்து போய்ப் பாருங்கள், அன்றைக்கு நிஜமாகவே ஏதோ இருக்கும். 0 முதல் 11 வரையிலான ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் அந்த 5ஐயே இறக்கவேண்டும், அதற்கு ஊசி, துணி, மெஷின் பக்கம்தான் போகவேண்டும்.

டெமிங் இதைக் காட்டவே தன் கருத்தரங்குகளில் மணி விளையாட்டு ஒன்று நடத்துவார். ஒரு தொட்டியில் 3,200 வெள்ளை மணி, 800 சிவப்பு மணி, 50 குழி உள்ள ஒரு கரண்டி. கூட்டத்திலிருந்து சிலரைத் தொழிலாளி என்று நிற்கவைத்து அள்ளச் சொல்வார், சிவப்பு வந்தால் குறை. ஒருவருக்கு 6 வரும், இன்னொருவருக்கு 14. குறைவாக எடுத்தவருக்குப் பாராட்டு, அதிகம் எடுத்தவருக்குக் கண்டிப்பு, அடுத்த சுற்றில் எண்கள் இடம் மாறும், பாராட்டு வாங்கியவர் முகம் சுருங்கும். தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு, எனவே சராசரி 10ஐச் சுற்றித்தான் வரும், அள்ளுகிறவர் எவ்வளவு கவனமாக அள்ளினாலும். தொட்டிக்குள் சிவப்பைக் கொட்டியது மேனேஜ்மென்ட். இதைப் படித்த பிறகு லைன் போர்டு முன் நின்று ஒருவரைத் திட்டுவது எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அவருடைய இன்னொரு விளையாட்டு புனல். ஒரு புள்ளிக்கு நேர்மேலே புனலை நிறுத்தி அதன் வழியாகக் கோலிக்குண்டை விடுவது. குண்டு சரியாகப் புள்ளியிலேயே விழாது, சுற்றிச் சிதறும். தள்ளி விழுந்த தூரத்துக்கு ஏற்ப ஒவ்வொரு தடவையும் புனலை எதிர்ப்பக்கம் நகர்த்தினால் சரியாகிவிடும் என்று தோன்றும் அல்லவா? நகர்த்தாமல் விட்டதைவிடச் சிதறல் அதிகமாகும், புள்ளியியல் கணக்கில் சொன்னால் விலக்க வர்க்கச் சராசரி இரண்டு மடங்காகும். நம் ஊரில் பிடிசிஏ என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது இந்தப் புனல் நகர்த்தல்தான். காலையில் அளவு கால் அங்குலம் கூடினால் துணி வெட்டுவதற்கான மார்க்கரைக் குறைப்பது, மதியம் குறைந்தால் கூட்டுவது. சுற்று வேகமாகச் சுற்றுகிறது என்று பெருமை வேறு.

தமிழ்நாட்டில் இதை ஒழுங்காகச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவில் முதல் கம்பெனி அதுதான். 2002இல் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது, அதன்பிறகு ரானே குழுமத்துக் கம்பெனிகளும் வரிசையாக வாங்கின. ஜப்பானிலிருந்து பேராசிரியர் யோஷிகாசு சுடா போன்றவர்கள் வந்து வழிகாட்டினார்கள். இதைச் சொன்னால் "அவங்க ஆட்டோமொபைல் சார், ஒரே பார்ட்டை வருஷக்கணக்கா செய்யறாங்க, நமக்கு மாசம் ஒரு ஸ்டைல் மாறுது" என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் ஸ்டைல் மாறினாலும் ஊசி மாறுவதில்லை, ஓவர்லாக் மாறுவதில்லை, சாயப்பட்டறை மாறுவதில்லை. ஸ்டைலோடு போகிற குறையை விட்டுவிட்டு, எந்த ஸ்டைல் வந்தாலும் கூடவே வருகிற குறையைத் தேர்ந்தெடுங்கள்.

நம் தொழிலுக்கே உரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பீஸ் ரேட். தைக்கிறவருக்குப் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி, சனிக்கிழமை கணக்கு முடித்துக் கையில் பணம். தைக்கும்போதே ஏதோ தப்பு தெரிந்து அவர் கையை நிறுத்தினால் நஷ்டம் அவருக்கு, நிறுத்தாமல் தள்ளிவிட்டால் நஷ்டம் கம்பெனிக்கு. யார் நிறுத்துவார்? மெஷினை நிறுத்திக் குறையைச் சொன்னவருக்கு அந்த நேரத்துக்கான கூலி உண்டு என்று முதலாளி ஒத்துக்கொள்ளாதவரை, செக் என்ற படிக்குத் தேவையான தகவலே மேலே வராது. எங்கள் முதலாளி அரைமனதோடுதான் ஒத்துக்கொண்டார். ஏமாற்றுவார்கள் என்று பயந்தார், ஒன்றிரண்டு பேர் ஏமாற்றவும் செய்தார்கள். குறையால் தாமதமாகி ஒரு கன்டெய்னர் சரக்கைக் கப்பலில் விடாமல் விமானத்தில் அனுப்புகிற செலவோடு ஒப்பிட்டால் அது தூசு.

இன்னொன்று, மொழி. எங்கள் லைனில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் நிறையப் பேர். குறையை எழுதச் சொன்னால் யார் எந்த மொழியில் எழுதுவது? எழுதவேண்டாம், குறை வந்த பீஸில் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி மெஷின் பக்கத்துக் கூடையில் போடு என்றோம். சாயங்காலம் கூடையைக் கொட்டினால் எந்த மெஷினில் என்ன குறை என்று பேசாமலே தெரிந்துவிடும். கம்ப்யூட்டர், ஆப் எல்லாம் வாங்கச் சொல்லி ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஸ்டிக்கரும் கூடையும் பழகாத லைனுக்கு ஆப் வாங்கி என்ன பிரயோஜனம்?

என் நோட்டில் ஒரு சுற்றுக்கு ஒரு பக்கம்தான். இடது பக்கம் சோதனைக்கு முன் எழுதுவது: எந்தக் குறை, எந்த லைன், என்ன மாற்றம், எவ்வளவு குறையும் என்று நினைக்கிறோம், எது ஏறக்கூடாது, எந்தத் தேதியில் பார்ப்போம். கீழே சூப்பர்வைசர், மெக்கானிக், நான் மூன்று பேரும் கையெழுத்துப் போடுவோம், பின்னால் யாரும் "அப்பவே சொன்னேன்" என்று சொல்லக்கூடாது என்பதற்காக. வலது பக்கம் அந்தத் தேதி வரும்வரை காலியாக இருக்கும். அதற்குள் நடுவில் புகுந்து எதையும் மாற்றக்கூடாது, மேனேஜர் சொன்னாலும். இதுதான் உள்ளதிலேயே கஷ்டமான விதி, இதற்காகத்தான் அதிகம் சண்டை போட்டிருக்கிறேன்.

இப்போது நோட்டில் ஓடிக்கொண்டிருப்பது எண்ணெய்க் கறை. இரண்டாவது லைனில் மட்டும், இரவு மெஷினை நிறுத்தும்போது துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டுக்கு அடியில் வேஸ்ட் துணி ஒன்றை வைத்து, காலையில் முதல் சில பீஸை வேஸ்ட் துணியிலேயே ஓட்டிவிட்டு அப்புறம் நல்ல பீஸ் போடுகிறோம். மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று நான் எழுதியிருக்கிறேன். மெக்கானிக் சிரித்துக்கொண்டே, எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் சீல் போய்விட்டது, துணி வைப்பதால் ஒன்றும் ஆகாது, வேண்டுமானால் கொஞ்சம் குறையும் என்று அவர் கணிப்பைத் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை கூடையைக் கொட்டுகிறோம்.